காப்பு அறுத்த கை

வார்டில் நாலு பேர். ஒருத்தனுக்குக் கால் முறிந்து, ஊரே கூடும்படி கத்துகிறான். ஒரு பெண்ணுக்கு நூற்றியிரண்டு காய்ச்சல். ஒரு பெரியவர் காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டார். நாலாவது ஆள் மூலைக் கட்டிலில் கம்மென்று கிடக்கிறான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறான். யாரை முதலில் போய்ப் பார்ப்பாய்?

"கால் ஒடஞ்சவனத்தான்," என்றாள் கூடப் படிக்கிற ஜெனிபர் போனில். "அவன்தான வலி தாங்காம கத்துறான், பாவம்."

"நீ கிழிச்ச," என்றாள் கல்பனா. "கத்துறவனுக்கு மூச்சு இருக்குதுடி. மூச்சு இல்லாதவன் எப்டி கத்துவான்? சத்தம் போடாம கெடக்கிறான் பாரு, அவன்தான் ஃபர்ஸ்ட்டு. கத்துறவன் கத்திக்கினே இருக்கட்டும், ஒண்ணும் ஆவாது."

திங்கட்கிழமை காலேஜுக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். ஐம்பது கேள்வி. எல்லாம் இந்த மாதிரிதான்: மருந்தின் பெயர் தெரியுமா, எலும்பு எத்தனை என்றெல்லாம் கிடையாது. நோயாளி இப்படி இருக்கிறார், முதலில் என்ன செய்வாய்? அவ்வளவுதான். மனப்பாடம் பண்ணிப் பதில் சொல்லிவிட முடியாது, யோசிக்கத் தெரிய வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். கல்பனாவுக்கு யோசிக்கத் தெரியும். வகுப்பில் ஐம்பதுக்கு நாற்பத்தாறுக்குக் கீழே அவள் இறங்கியதில்லை. அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு.

வாரம் பூராவும் மணவாள நகரில் நாலு பெண்கள் சேர்ந்து எடுத்த ரூமில் இருந்துவிட்டு, நேற்று ராத்திரிதான் கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி ஊருக்கு வந்திருந்தாள். வராமலே இருந்திருப்பாள். ஆடித் திருவிழா, வராவிட்டால் உன் மாமன் என்னைத்தான் கேட்பான் என்று அம்மா போனில் அழுததால் வந்தாள். சிப்காட் பக்கமிருந்து காற்றடித்தால் ஊரில் இரும்புத் தூள் வாசனை. கிழக்கே கடலை ஒட்டிய ஏரிப் பக்கமிருந்து அடித்தால் உப்பு வாசனை. அன்றைக்குக் காற்றே இல்லை. மணி ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது அம்மா கங்கம்மாவுக்கு.

கங்கம்மா கம்பெனி கேட்டுக்கு எதிரில் இட்லி போட்டு விற்பவள். திருவிழாவுக்காகப் பத்து நாள் அடுப்பை அணைத்துவிட்டு, கோயிலுக்குக் கூழ் காய்ச்சும் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்த கேழ்வரகு மாவை, நொய் வெந்துகொண்டிருந்த அண்டாவில் ஊற்றித் துடுப்பால் கிண்டினாள். கை நின்றால் கட்டி தட்டிவிடும். கட்டி தட்டினால் அண்ணன் பெண்டாட்டி அஞ்சம்மாள் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

"அந்த போன வச்சிட்டு ஒரு வாட்டி கோயிலாண்ட போய் உங்கப்பாவ பாத்துட்டு வாயேன். நாளைக்கு தீ மிதிக்கப் போற மனுசன்."

"உன் ஊட்டுக்காரரு தீ மிதிச்சா எனக்கு இன்னா, தண்ணி மிதிச்சா எனக்கு இன்னா?"

"முப்பத்தி நாலு நாளு ஆவுதுடி. ஒரு சொட்டு தொடல."

"முப்பத்தஞ்சாவது நாளு இல்லாமயா போவும்?"

"வாயக் கழுவு. தீ மிதிச்சா இந்தக் குடி என்ன உட்டுப் போய்டும்னு ஆத்தா முன்னால சத்தியம் பண்ணிக் காப்பு கட்டிக்கினாரு. எட்டு நாளா ஊட்டுப் படி ஏறல. கோயில் தரையிலதான் படுக்கிறாரு."

"பட்டறைல டெய்லி நெருப்பு முன்னாலதான நிக்கிறாரு. அதுல போவாத குடி இதுல போய்டுமா?"

கங்கம்மா துடுப்பை அண்டா விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

அவள் புருஷன் பச்சையப்பனுக்கு வேலை கம்பி உருட்டுகிற கம்பெனியில். பழுக்கக் காய்ந்த கம்பி உருளையிலிருந்து சீறிக்கொண்டு வெளியே வரும். நீள இடுக்கியால் அதன் தலையைப் பிடித்துத் திருப்பி அடுத்த உருளைக்குள் திணிக்க வேண்டும். ஒரு நொடி தப்பினால் கம்பி காலைச் சுற்றிக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாகக் காண்ட்ராக்டில் அதைச் செய்கிறான். ஷிஃப்ட் முடிந்தால் நேரே டாஸ்மாக். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் குடிக்கிறேன் என்று ஆரம்பத்தில் சொன்னான். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான்.

கல்பனாவைக் காலேஜில் சேர்க்கப் போன அன்றைக்குப் பிரின்சிபால் ரூமில் நாற்காலியோடு சாய்ந்தவன் அவன்தான். சாய்ந்தது மட்டுமில்லை, வாந்தியும் எடுத்தான். அடுத்த நாள் வகுப்பில் யாரோ மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். அன்றைக்கு விட்டதுதான், மூன்று வருஷமாக அவனை அவள் நைனா என்று கூப்பிட்டதில்லை. ஒரே கூரைக்குள் அவன் உட்கார்ந்திருக்க, அம்மாவைப் பார்த்து 'உன் ஊட்டுக்காரர் கைல சொல்லு' என்பாள். அவனும் பதிலை கங்கம்மாவிடமே சொல்வான். இரண்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனி முகாமில் அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது, குடித்த குடிக்கு இது கம்மி என்றுதான் நினைத்தாள். அவ்வளவு வெறுப்பு.

அண்டாவை இறக்கப் போகிற நேரத்தில் தெருவில் கூச்சல் கேட்டது. பக்கத்து வீட்டுக் குணா முன்னால் ஓடி வந்தான். குணா குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவன். சாதாரணமாக ஓடுகிற ஆள் இல்லை.

"அத்த, மாமா கோயிலாண்ட சலம்பிக்கினு கீறாரு. பூசாரிய அடிக்கப் போனாரு. யாரோ கொண்டாந்து வச்ச கூழுப் பானைய எட்டி ஒதச்சிட்டாரு."

கங்கம்மாவின் கையிலிருந்து துடுப்பு விழுந்தது.

அதற்குள் அவர்களே அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மஞ்சள் வேட்டி அவிழ்ந்து தரையில் புரள, கழுத்து மாலை பாதி அறுந்து தொங்க, இரண்டு பேர் பிடியில் பச்சையப்பன் தள்ளாடினான். கண் எங்கேயோ பார்த்தது. நாக்கு குழறியது. "கம்பி வருதுடா... ஒதுங்கு... ஒதுங்குடா பேமானி," என்று யாரையோ பார்த்துக் கத்தினான். பின்னால் ஊர் வந்தது. காப்புக் கட்டிய பன்னிரண்டு பேரும் மஞ்சள் வேட்டியோடு தனியாக, எட்டி நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் ராஜமாணிக்கம். கங்கம்மாவின் அண்ணன், கோயில் தர்மகர்த்தா. பச்சையப்பன் இவருக்குத் தங்கச்சி புருஷன் என்று அந்த நேரத்தில் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"பாத்தியா உன் புருசன் லட்சணத்த? காப்பு கட்டிக்கினு குடிச்சிட்டு வந்து ஆத்தா கூழ ஒதைக்கிறான். இவனுக்குக் கட்டாதீங்கன்னு அப்பவே சொன்னாங்க. தங்கச்சி மூஞ்சிக்காகக் கட்ட சொன்னேன். என்னையே செருப்பால அடிச்சிட்டான்."

"குடிச்சியாய்யா?" என்றாள் கங்கம்மா. "சொல்லு, குடிச்சியா?"

"புடி... தல வருது, புடி," என்றான் பச்சையப்பன். அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் அண்டா ஓரத்தில் போய் விழுந்தாள்.

குணாவுக்குத்தான் என்னமோ சந்தேகம், ராஜமாணிக்கத்தைப் பார்த்துச் சொன்னான். "நாத்தம் ஒண்ணும் வர்லியே மாமா. ராத்திரி நானும் கோயில்லதான் படுத்துக்கினு இருந்தேன். எங்கியும் போவலியே அவரு."

"உனக்குத் தெரியாம எந்தப் பொதர்ல ஒளிச்சி வச்சிருந்தானோ," என்றாள் அஞ்சம்மாள்.

"இருங்க," என்றார் ராஜமாணிக்கம். ஊர்ப் பெரிய மனிதர் இல்லையா, நியாயமாக நடந்துகொண்டார் என்று நாளைக்கு நாலு பேர் சொல்ல வேண்டும். "தோ நிக்கிதே, நர்சுக்குப் படிக்கிற பொண்ணு. அவன் பெத்த பொண்ணு. அது சொல்லட்டும். அம்மாடி, நீ பாத்துச் சொல்லு. குடிச்சிருக்கானா இல்லியா?"

எல்லாரும் கல்பனாவைப் பார்த்தார்கள். அவள் பின்வாசல் நிலைப்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பிரின்சிபால் ரூமில் அடித்த அதே சூடு முகத்தில் அடித்தது. கிட்டே போகவில்லை. நாலடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை.

"இதுக்கு நர்சு வேற படிக்கணுமா?" என்றாள். "பொறந்ததுலருந்து பாக்கிறேன். குடிச்சிருக்காரு."

போதாதா? படித்த பெண், சொந்த மகள் வாயால் வந்த தீர்ப்பு. பூசாரி எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியை எடுத்தான். பச்சையப்பனின் வலது கையை ஒருத்தன் நீட்டிப் பிடித்தான். மஞ்சள் கயிறும் அதில் கோத்த மஞ்சள் கிழங்கும் மண்ணில் விழுந்தன. பச்சையப்பன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றார் ராஜமாணிக்கம். "அறுத்த கைல மறுபடி காப்பு கட்ற வழக்கம் இந்த ஊர்ல கெடையாது. இவன் உசுரு இருக்கற வரைக்கும் தீயாண்ட வரக்கூடாது."

அவனைப் பின்பக்கம் ஓலைச் சார்ப்பில் விறகுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, தொட்டவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனார்கள். கங்கம்மா ஒப்பாரி வைத்தாள். கல்பனா தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சார்ப்புக்குள்ளிருந்து பச்சையப்பன் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது. கத்தட்டும், என்று நினைத்தாள். கத்துறவனுக்கு ஒண்ணும் ஆவாது. பல்லைக் கடித்துக்கொண்டு போனில் ஏழு கேள்விக்குப் பதில் போட்டாள். ஏழும் சரி. எட்டாவது கேள்வியைப் படிக்கும்போது, காது எதையோ தேடியது. சார்ப்பில் சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

தூங்கிவிட்டிருப்பான். குடித்தால் தூங்குவான்தானே. ஆனால் உடம்பு எழுந்துவிட்டது. மூன்று வருஷம் வார்டில் நடந்து பழகிய கால் அது, கோபத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

விறகுக்கட்டை மேல் தலை சாய்ந்து கிடந்தான். மூச்சு குறட்டையாக வந்தது, ஆனால் தூக்கத்தின் குறட்டை இல்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று வருஷத்தில் அவனைத் தொட்டது அதுதான் முதல். நாடி பறந்தது. கை சில்லென்று இருந்தது. அந்தப் புழுக்கத்தில், அனல் அடிக்கிற ஓலைக்குக் கீழே, உடம்பு பூராவும் ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்து சில்லிட்டிருந்தது. குனிந்து வாயை முகர்ந்தாள். வேப்பிலை, கற்பூரம். வேறு ஒன்றும் இல்லை.

"ம்மா!"

கங்கம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

"சாப்டாரா இவரு?"

"இன்னா சாப்பாடு? வெரதம்டி. வியாழக்கெழம ராத்திரி ஒரு வேள சாப்டது. கடைசி ரெண்டு நாளும் பச்சத் தண்ணிதான்."

"மாத்திர? சக்கர மாத்திர?"

"அதுல கொற சொல்லவே முடியாது. தெனம் ரெண்டு வேளையும் டாண்ணு போட்டுக்கினாரு. காலைல கூட நான்தான் எடுத்துக்கினு போய்க் குடுத்தேன். வேணாம்யா, வெறும் வயிறா இருக்குதுன்னேன். பொண்ணு தவறக்கூடாதுன்னு சொல்லிக்கீது, குடுன்னு வாங்கி முழுங்கினாரு."

கல்பனாதான் சொல்லியிருந்தாள். மாத்திரைச் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, அவன் காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னாள்: காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஒரு வேள தவறுனாலும் காலு அழுவிப் போவும்னு சொல்லு உன் ஊட்டுக்காரர் கைல. சாப்பிட்டுவிட்டுப் போடணும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல இன்னொரு வார்த்தை பேச வேண்டியிருக்கும், ஏன் பேச வேண்டும் என்று விட்டுவிட்டாள். அந்த மாத்திரை இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கும். வயிற்றில் சோறு இல்லையென்றால் இறக்கிக்கொண்டே போகும். மூளைக்குத் தீனி கிடைக்காமல் ஆள் உளறுவான், தள்ளாடுவான், அடிக்க வருவான், வேர்த்துக் கொட்டும். குடித்தவனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாது, தொட்டுப் பார்க்காவிட்டால். போன வாரம் இதே கேள்விக்கு அவள் சரியாக டிக் அடித்திருந்தாள்.

"ஐயோ நைனா," என்றாள். வாய் தானாகச் சொன்னது.

அஞ்சம்மாள் சொம்பு நிறைய எலுமிச்சம்பழத் தண்ணீரோடு வந்து அவன் தலையை நிமிர்த்தினாள். "இத ஊத்து, போதை எறங்கிடும்."

கல்பனா சொம்பைத் தட்டிவிட்டாள். அது விறகில் மோதி உருண்டது.

"வாயில ஊத்தாத! முழுங்கற நெலமைல இல்ல அவரு. மூச்சுக்கொழாய்ல போனா செத்துடுவாரு."

"இன்னாடி கை நீள்து உனக்கு?"

"அவரு குடிக்கல அத்த. சர்க்கர எறங்கிப்போச்சு. குணாண்ணா! வண்டிய எடு, ஜி.எச்.சுக்குப் போவணும். ம்மா, சர்க்கர எடுத்துக்கினு வா, துளியூண்டு தண்ணி தெளிச்சி எடுத்துக்கினு வா!"

அவள் போட்ட கத்தலில் ராஜமாணிக்கமே வந்துவிட்டார். "இப்பதான ஊரு முன்னால குடிச்சிருக்காருன்னு சொன்ன? ஒரு மணி நேரத்துல இன்னா புதுக் கத?"

"தப்பா சொல்ட்டேன் மாமா."

"தப்பா சொல்ட்டியா? அறுத்த காப்ப இப்ப யாரு ஒட்ட வைக்கிறது? ஆத்தாவோட வெளையாடறீங்களாடி, அப்பனும் பொண்ணும்?"

"மாமா, அப்புறம் என்ன செருப்பால அடி. இப்ப ஒரு கை புடி."

அவர் பிடிக்கவில்லை. அவர் கையில் காப்பு இருந்தது. மஞ்சள் வேட்டிக்காரர்கள் தீட்டுக்குப் பயந்து வேலி ஓரமாக ஒதுங்கினார்கள். நேற்றுவரை அவனோடு ஒரே தரையில் படுத்தவர்கள்தான். பச்சையப்பனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரச் சர்க்கரையை விரலில் எடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள் கல்பனா. பிறகு குணா தோளையும், அவள் இடுப்பையும், கங்கம்மா காலையும் பிடித்து மூன்று பேராகத் தூக்கினார்கள். எழுபது கிலோ மனிதன். வேட்டி அவிழ்ந்து விழுந்தது. கங்கம்மா முந்தானையைக் கிழித்து அவன்மேல் போர்த்தினாள். ஊர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழி விடவில்லை. வண்டியின் பின்தட்டில் கருவாட்டு வாசனை அடிக்கிற சாக்குகள் மேல், அவன் தாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டு கல்பனா மூச்சை எண்ணினாள். எண்ணாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஜி.எச்.சில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இருபத்தெட்டு, எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாதது. ஊசி வழியாகக் குளுகோஸ் ஏற்றிக்கொண்டே சின்ன வயது டாக்டரம்மா கேட்டார்.

"எத்தனை மணிக்கு இப்படி ஆச்சு?"

"ஏழு மணி இருக்கும்."

"இப்போ ஒன்பது ஆகப்போகுது. நடுவுல என்ன பண்ணீங்க?"

கங்கம்மா வாயைத் திறந்தாள். கல்பனா முந்திக்கொண்டாள்.

"குடிச்சிருக்காருன்னு நெனச்சோம் மேடம். நான்தான் சொன்னேன். தொட்டுப் பாக்காம சொன்னேன்."

"நீ என்ன படிக்கிற?"

"நர்சிங். தேர்டு இயர்."

டாக்டரம்மா சீட்டில் எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற நர்சுதான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சக்கர மாத்திரைய சாப்பாடு இல்லாம யாரு போட சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"நல்லா வருவ," என்றாள் நர்சு. அந்தச் சொல்லை அப்படிக் குத்தலாக யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

குளுகோஸ் ஏறிப் பத்து நிமிஷத்தில் பச்சையப்பன் கண்ணைத் திறந்தான். விளக்குப் போட்டது போல ஆள் தெளிந்தான். சுற்றிப் பார்த்து, கங்கம்மாவைக் கண்டுபிடித்தான்.

"கூழு ஊத்திட்டாங்களா?" என்றான். "நான்தான பான தூக்கணும்."

கங்கம்மா அழுதாள். அவனுக்குக் காலையில் மாத்திரை போட்டது நினைவிருந்தது, கை நடுங்கியது நினைவிருந்தது; அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஊசி இடது கையில் இருந்தது. வலது கையைக் கங்கம்மா போர்வைக்கு உள்ளே செருகி, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு நர்சு ரொட்டியும் பாலும் கொண்டு வந்தாள். "சாப்பிடுங்க. டிரிப்பு மட்டும் பத்தாது. அந்த மாத்திரை இன்னிக்கு பூரா உள்ள வேலை செஞ்சிக்கினே இருக்கும். சாப்பிடலன்னா மறுபடியும் எறங்கும். மறுபடி எறங்கினா இந்த மாதிரி எழுந்து ஒக்காருவீங்கன்னு சொல்ல முடியாது."

"காப்பு கட்டிக்கினு எப்டிமா சாப்புடுவேன்? நாளைக்கு சாய்ந்திரம் தீ மிதிச்சிட்டு சாப்புட்றேன்."

"உயிரு முக்கியமா, தீ முக்கியமா?"

"முப்பத்தி நாலு நாளு ஆச்சு," என்றான் பச்சையப்பன். உதட்டை மடித்துக்கொண்டான். பால் டம்ளரைக் கிட்டே கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். நர்சு இரண்டு தடவை முயன்றாள். அடுத்த கட்டிலிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

கங்கம்மா மகளின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தாள். "சொல்லாத. காப்பு போச்சின்னு இப்ப சொல்லாத. அந்தக் கயித்துலதான்டி அந்த ஆளு தொங்கிக்கினு இருக்கிறாரு. அது இல்லன்னா திரும்ப அந்தக் கடைக்குத்தான் போவாரு. நீ எதனா பேசி ஊட்டு, உனக்குத் தெரியாததா?"

"சாப்புடலன்னா செத்துடுவாரும்மா."

"சொன்னா மட்டும் பொழச்சிடுவாரா?"

நாலு பதிலும் தப்பாக இருக்கிற கேள்வியைக் கல்பனாவுக்கு யாரும் கொடுத்ததில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். பச்சையப்பன் நெற்றியில் மறுபடி பொட்டுப் பொட்டாக வேர்வை. அவ்வளவுதான், போய்க் கட்டிலண்டை நின்றாள்.

"நைனா. அந்தக் கைய வெளிய எடு."

அவன் அசையவில்லை. அவளே போர்வையை விலக்கினாள். மணிக்கட்டில் கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் வளையமாக இருந்தது. அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரு அறுத்தது?"

"பூசாரி."

"எதுக்கு?"

"நீ குடிச்சிருக்கன்னு."

"நான் குடிக்கலியே."

"குடிக்கல."

"யாரு சொன்னா குடிச்சேன்னு?"

கங்கம்மா வாசலில் நின்று தலையை ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று.

"மாமா என்ன பாத்து சொல்ல சொன்னாரு," என்றாள் கல்பனா. "நான் கிட்ட வந்து பாக்கல. குடிச்சிருக்காருன்னு சொன்னேன். உன்மேல இருந்த வெறுப்புல சொன்னேன். அறுத்த கைல மறுபடி கட்ட மாட்டாங்களாம். இப்ப நீ சாப்புடலாம்."

மூன்று வருஷத்தில் அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். அடிப்பான் என்று நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. கெட்ட வார்த்தை ஏதாவது சொல்லியிருந்தால் அவளும் திருப்பிச் சொல்லியிருப்பாள். அந்த வழக்கம் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அவன் கோபப்படவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கையை நீட்டினான். ரொட்டியைக் கொடுத்தாள். பாலில் தோய்த்து ஒன்றை முழுதாகத் தின்றான். இரண்டாவதையும் தின்றான். நாலு துண்டும் தீர்ந்து, டம்ளரில் மிச்சமிருந்த பாலையும் குடித்தான். வந்து பார்த்த நர்சுக்கு ஒரே சந்தோஷம். விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பது. சூப்பரா இருக்குது," என்று எழுதிக்கொண்டு போனாள்.

பச்சையப்பன் வேட்டி இல்லாத தொடைமேல் கங்கம்மாவின் கிழிந்த முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"மணி இன்னா?" என்று கேட்டான். கங்கம்மாவை அல்ல, கல்பனாவையே கேட்டான்.

"பதினொண்ணே கால்."

"பன்னெண்டு மணிக்குத்தான கடைய தொறப்பான்," என்றான்.

கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்பனா மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் வார்டு வாசலின் குறுக்கே போட்டு, அவனைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.